கழலாத விண்கலம்

ஜெயினுலாப்தீன் செய்த மூடியை முதன்முதலாகத் திறக்கிறவர்கள் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார்கள், பிறகு கரண்டிக் காம்பைத் தேடுவார்கள், கடைசியில் செய்தவன் குடும்பத்தை நாலு வார்த்தை சொல்வார்கள். ஆனால் அடுத்த டப்பா வாங்கக் கடைக்குப் போனால் அவர் சரக்கைத்தான் கேட்பார்கள். மும்பை தாராவியில் அவருக்கு இருந்த மரியாதை இந்த வகையைச் சேர்ந்தது.

நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தொன்றில் கீழே பட்டறை, மேலே வீடு. கடையநல்லூரிலிருந்து வந்தவர் பிளாஸ்டிக் டிபன் டப்பா வார்க்க ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது. டப்பாவைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. "டப்பா என்னவே டப்பா, சுத்திச் சுவரு. எவனும் ஊத்துவான். மூடியிலதான் தொழில் இருக்கு" என்பார்.

அந்தத் தொழிலுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். புது மோல்டில் வார்த்த முதல் டப்பாவில் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றி, மூடி, வெள்ளைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைப்பார்கள். மெஷின் ஓட்டும் சுடலைக்கண்ணன் அந்தப் பையோடு, காலையில் ஆள் மேல் ஆள் தொங்கும் நேரமாகப் பார்த்து, சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறுவார். கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.டி. வரைக்கும் போய் வருவார். துண்டு வெள்ளையாகவே திரும்பினால் மால், அதாவது சரக்கு, பாஸ். ஒரு பொட்டு மஞ்சள் இருந்தாலும் மோல்டு லேத்துக்குத் திரும்பிவிடும். திறக்க வருகிறதா என்று மட்டும் அந்தப் பட்டறையில் எவரும் பார்த்ததில்லை. மூடியிருக்க வைப்பது செய்தவன் பொறுப்பு. திறப்பது வாங்கியவன் பாடு.

இப்படிப்பட்ட மூடிகளுக்கும் காலம் கெட்டது. கொஞ்சம் பேர் கிளிப் வைத்த ஸ்டீல் டப்பாவுக்குப் போனார்கள், மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை ஃபோனில் வரவழைத்தார்கள். இரண்டு மெஷினில் ஒன்றின் மேல் போர்வை விழுந்தது. குர்லாவில் மொபைல் ஷோரூமில் வேலை பார்த்த மகன் ஷகீலுக்குக் கீழ்த்தளத்தை ஜீன்ஸ் தைக்கிறவருக்கு வாடகைக்கு விடவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஜீன்ஸ்காரர் ஒருநாள் வந்து டேப்பைப் பிடித்துச் சுவருக்குச் சுவர் அளந்தும் போய்விட்டார். ஜெயினுலாப்தீன் அளக்க விட்டதே தப்பு என்று அவர் மனைவி மதீனா பீவி சொன்னாள். கடைசியில் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரமலான் பிறை தெரிவதற்குள் புதுசாக ஏதாவது மால் ஓடினால் பட்டறை இருக்கும். இல்லாவிட்டால் ஜீன்ஸ்.

விசாலாக்ஷி வந்தது அந்தச் சமயத்தில்தான். மாதுங்காவிலும் செம்பூரிலும் திலக் நகரிலும் மழலைப் பள்ளிகள் நடத்துகிறவர். சந்துக்குள் வண்டி வராது என்பதால் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து நடந்தே வந்திருந்தார்.

"பாய், உங்க டப்பாவைத் திறந்து திறந்து எங்க ஆயாக்கு நகமே இல்ல. ஆனா ஒருநாள்கூடப் பையில கொட்டினதில்லை பாருங்கோ. அந்த நம்பிக்கையிலதான் வந்திருக்கேன்."

"சொல்லுங்க மேடம்."

"ஜனவரில எங்க ஸ்கூல்ல ஸ்பேஸ் வீக். நிலாவில நம்ம வண்டி இறங்கினதுலேர்ந்து நாலு வயசுக் கொழந்தைகூட ராக்கெட்டைத் தவிர வேற எதுவும் வரையறதில்லை. கொழந்தைகளே சேர்த்துச் சேர்த்துக் கட்டறாப்ல ஒரு செட் வேணும். ஃபாரின் செட் வெலையைச் சொன்னா எங்க பேரண்ட்ஸ் மயக்கம் போட்டுடுவா. நீங்க பண்ணிக் குடுப்பேளா?"

தன் மூடிகளின் உலகத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் தன்னைத் தேடி வந்தது ஜெயினுலாப்தீனுக்கு இதுவே முதல் தடவை. எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டார். வாயில் போட்டுக்கொள்ளும்படி சின்னதாக இருக்கப்படாது, கூராக இருக்கப்படாது, பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றப்படாது என்று விசாலாக்ஷி வரிசையாகச் சொன்னார்.

"முக்கியமா, கட்டினது பொலபொலன்னு விழப்படாது. விழுந்ததோ, ஒண்ணு அழும். ஒண்ணு அழுதா இருபதும் அழும்."

அந்தக் கடைசி நிபந்தனை ஜெயினுலாப்தீனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது. விழாமல் இருப்பது அவர் ராஜ்யம். கட்டியதைக் கழற்றவும் முடியவேண்டும் என்று விசாலாக்ஷி சொல்லவில்லை. எழுந்திருக்கவும் முடியவேண்டும் என்று நாற்காலி செய்கிறவரிடம் யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை அல்லவா?

விண்வெளி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவர் ஃபோனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். காலையில் டீயோடு பார்த்தார், பிற்பகல் அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தார். மூன்றாம் நாள் மதீனா பீவியைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரு. விண்வெளி நிலையம் விண்வெளி நிலையம்ங்கானுவளே, இம்புட்டும் டப்பாதான். டப்பாவும் டப்பாவும் மூடியில சேந்திருக்கு. மூடி ஒரு நூலு கெளம்புனா காத்துப் போயிரும். உள்ள இருக்கவன் காலி."

"அப்ப மேல இருக்கதெல்லாம் நம்ம ஆளுவதான்னு சொல்லுங்க."

"கிண்டலு பண்ணாத. எவ்வளவு பெரிய காரியம் இது!"

"சமையக்கட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"சமையலே கெடையாது. எல்லாம் பாக்கெட்ல வருது, பிரிச்சு வாயில பிழிஞ்சுக்கிடுதாவ."

"ஏத்தனம் கழுவ வேண்டாமா? அப்ப இன்னைக்கே பொறப்படுதேன். டிக்கெட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

ஜெயினுலாப்தீனுக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதகுலத்தின் தலைசிறந்த மூளைகளெல்லாம் சேர்ந்து, தான் முப்பது வருஷமாகச் சொல்லி வந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருப்பதாக அவருக்குப் பட்டது. மூடியில்தான் இருக்கிறது எல்லாம்.

மறுநாள் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் ராக்கெட் வரைந்தார். புது மோல்டு வெட்டுவது லேசான காரியமில்லை. ஆனால் அவர் எந்த மோல்டையும் பழைய இரும்புக்குப் போட்டவரில்லை. பரணில் ஏறித் தேடினார். பழைய ஊறுகாய் டப்பா மோல்டு ராக்கெட்டின் உடம்பாயிற்று. மசாலா டப்பா மூடி மேலே கூம்பி நின்றது. சீப்பின் பிடியை அறுத்துவிட்டால் சூரியத் தகடு. சோப்பு டப்பாவுக்கு நாலு கால் ஒட்டினால் நிலாவில் இறங்கும் வண்டி. ஒன்றையொன்று கவ்வுகிற வளையத்தை மட்டும் புதிதாக வெட்டச் செய்தார், அதற்குத் தன் மூடிகளின் ஓரத்தில் கவ்விப் பிடிக்கும் அந்தப் பேர்பெற்ற உதட்டையும் வைத்தார்.

சுடலைக்கண்ணன் சோப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷமாக அந்த மெஷினோடு இருக்கிறவருக்கு முதலாளியைக் கிண்டல் செய்யும் உரிமை சம்பளத்தோடு சேர்த்தி.

"பாய், நிலாவுல எறங்குததுக்கு சோப்பு டப்பாவா?"

"ஏன்வே, அங்க தண்ணி இருக்குங்கான். குளிக்காமலா இருப்பான்?"

சாயங்காலம் வந்த ஷகீல் ராக்கெட்டைப் பார்த்துவிட்டு, "வாப்பா, ஏ க்யா ஹை, என்ன இது? இத விட்டா மேல போவுமா, இல்ல எலுமிச்சங்கா ஊறுமா?" என்றான். ஜீன்ஸ்காரர் திரும்பவும் ஃபோன் பண்ணியதாகவும் சொன்னான்.

ராக்கெட்டுக்கும் பரீட்சை உண்டு. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுடலைக்கண்ணன் லோக்கல் ஏறினார். திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்றைக் காணோம். ராக்கெட் மட்டும் போனபடியே இருந்தது.

"தாதர்ல ஏறுனவன் ஒருத்தன் முழங்கைய வச்சு ஒரு இடி இடிச்சான் பாய். அய்யோன்னு அவந்தான் கத்துனான்."

ஜெயினுலாப்தீன் ராக்கெட்டை வாங்கி, குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார்.

செம்பூர்ப் பள்ளியில் செட்டைக் காட்டும் நாளன்று ஷகீல் ஸ்கூட்டரில் அப்பாவைக் கொண்டு வந்து இறக்கினான். போகாமல் நின்றான். பட்டறையா ஜீன்ஸா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று அவனுக்கும் தெரியும். சுவரில் ஏற்கெனவே பானர் தொங்கியது. அதில் ஒரு ராக்கெட் விசாலாக்ஷியின் பள்ளிப் பெயரைச் சுற்றிப் பறந்தது.

இருபது குழந்தைகள் பாயில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்கள். உதடு கவ்வும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே சேர்த்தார்கள். ஹரிதா என்ற பெண் ஊறுகாய் உடம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தன் உயரத்துக்கு அடுக்கி, உச்சியில் சீப்பைச் செருகி, இது விண்வெளி ஒட்டகச்சிவிங்கி என்று அறிவித்தாள். அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பாயைச் சுற்றி ஓடினாள். ஒரு துண்டுகூட விழவில்லை. ஜெயினுலாப்தீன் மகனைத் திரும்பிப் பார்த்தார். ஷகீல் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாலாக்ஷி கையைத் தட்டினார். "வெரி குட்! இப்போ எல்லாத்தையும் பிரிச்சுட்டு, எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய ஸ்டேஷன் கட்டலாமா?"

குழந்தைகள் இழுத்தார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார்கள். ஹரிதா ஒட்டகச்சிவிங்கியின் முட்டியைக் கடித்துப் பார்த்தாள். டீச்சர் வாங்கித் திருகினார். ஆயா பழக்கப்பட்டவர் என்பதால் நேராக உள்ளே போய் ஸ்பூனோடு வந்தார். வாட்ச்மேன் முட்டிக்காலால் அழுத்திப் பிடித்து முக்கினார். ராக்கெட்டுகள் ராக்கெட்டுகளாகவே இருந்தன.

ஜெயினுலாப்தீனுக்குக் காது சுட்டது. அங்கேயே பாயில் உட்கார்ந்து, ஒன்றை வாங்கி, உள்ளங்கையால் நடுவில் ஒரு அழுத்து, கட்டை விரலால் உதட்டோரம் ஒரு நெம்பு. 'டப்' என்று காற்றுப் போகும் சத்தத்தோடு கழன்றது. குழந்தைகள் ஆரவாரம் செய்தார்கள். "அங்கிள், மேரா பீ!" "அங்கிள், எனக்கு!" என்று வரிசை நின்றது. கழற்றிக் கொடுத்ததை அங்கேயே டக்கென்று மூடி, திரும்பவும் வரிசைக் கடைசியில் போய் நின்றார்கள். கட்டை விரல் வீங்கும் வரைக்கும் அவர் கழற்றினார். அன்றைக்கு அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் பிடித்த விளையாட்டுச் சாமான் அவர்தான்.

குழந்தைகள் தூங்கப் போனபின் விசாலாக்ஷி ஒரு ராக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழகா இருக்கு பாய். பொய் சொல்லலை. ஆனா கொழந்தை கட்டறதே கலைக்கறதுக்குத்தான். ஒரே தடவை கட்டினா அது பொம்மை இல்லை, பில்டிங்."

"விழப்படாதுன்னு சொன்னிய மேடம்."

"விழப்படாது. கழலணும்."

இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அவர் கேட்க வாயெடுத்தார். விசாலாக்ஷி பானரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பானர் வேற அடிச்சுட்டேன்" என்றார் பெருமூச்சோடு. "அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் இப்படித்தான்னா நேக்கு வேற வழி தெரியலை."

பட்டறையில் அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. சுடலைக்கண்ணன் வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"பாய், கோவப்படாதிய. அந்த விக்ரோலி மோல்டு..."

"அத எம் முன்னால சொல்லாதவே!"

சொன்னால் கோபம் வருவதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு காலம் விக்ரோலியில் ஒரு கேன்டீனுக்கு மால் போய்க்கொண்டிருந்தபோது, அந்த மோல்டின் உதடு தேய்ந்திருந்தது எவர் கண்ணிலும் படவில்லை. மூடிகள் லேசாகத் தொட்டதும் கழன்றன. லோக்கலில் ஒரு பெட்டி நிறைய ஜனங்களின் மேல் சாம்பார் ஊற்றியது என்று செய்தி வந்தது. கேன்டீன் ஆர்டர் போயிற்று. மோல்டை விற்றால் வாங்குகிறவன் அதில் வார்த்து, இதுவும் ஜெயினுலாப்தீன் மால் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்து, சாக்கில் சுற்றிப் பரணின் மூலையில் போட்டுவைத்திருந்தார். வீட்டில் புத்தி சரியில்லாத உறவினரை மாடியில் வைத்திருப்பதைப் போல.

"அந்த மூடியோட உதடு நம்ம வளையத்துக்கு அளவாச் சரியா வரும் பாய். உள்ள சாம்பாரா இருக்கு? விழவும் செய்யாது, இழுத்தா வந்துரும். நாலு வயசுப் பிள்ள கைக்குக்கூட வரும். அதான குத்தம்னு தூக்கிப் போட்டோம்?"

ஜெயினுலாப்தீன் பரணைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். ஜீன்ஸ்காரர் பென்சிலால் சுவரில் போட்டுவிட்டுப் போன அளவுக் கோடு கண்ணில் பட்டது.

"எறக்கும்" என்றார்.

வார்த்த முதல் வளையங்கள் இறுக்கமாகவே வந்தன. இரண்டாவது தடவையும் அப்படித்தான். சுடலைக்கண்ணன் குழம்பிப்போனார். கடைசியில் பார்த்தால், முதலாளி அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் குளிரவைக்கும் நேரத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் போகிறார். மோல்டுக்குள்ளேயே நன்றாக ஆறினால் வளையம் சுருங்காமல் தடித்து, இறுகிவிடும்.

"பாய், இது என்ன வேல?"

"நான் ஒண்ணும் பண்ணலியே."

"கைய எடுங்க. எடுத்துட்டு மேல போங்க. உம்மா டீ போட்டிருப்பாவ."

தான் அறியாமலே கை போயிற்று என்று அவர் மதீனா பீவியிடம் சத்தியம் செய்தார். "ஒங்க கைக்குத் தெரியும், நல்ல மூடி எதுன்னு" என்று அவள் சொன்னாள். அது ஆறுதலா குத்தலா என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் அவர் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் லோக்கலில் போய்வந்த சுடலைக்கண்ணன் மேலே வந்து பையைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது ராக்கெட் துண்டு துண்டாகக் கொட்டியது. "கூட்டம் இறங்குற வரைக்கும் நின்னுச்சு பாய். அப்புறமா நானே இழுத்தேன், ஒவ்வொண்ணா வந்துட்டு!" என்று அவர் சந்தோஷமாகக் கத்தினார். ஜெயினுலாப்தீன் சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

விசாலாக்ஷி இந்தத் தடவை கடைசி வரைக்கும் இருந்து பார்த்தார். குழந்தைகள் கட்டினார்கள், கலைத்தார்கள், திரும்பக் கட்டினார்கள். ஹரிதாவின் ஒட்டகச்சிவிங்கி கப்பலாகி, கப்பல் பாம்பாகி, பாம்பு மறுபடி ராக்கெட்டாயிற்று. வரிசையில் நிற்க யாருக்கும் நேரமில்லை. அங்கிளை எவரும் கூப்பிடவில்லை.

"பாய், பிரமாதம்!" என்றார் விசாலாக்ஷி. "மூணு ஸ்கூலுக்கும் எடுத்துக்கறேன். என் நாத்தனார் தாணேல நடத்தறா, அவளுக்கும் வேணும். டப்பா மேல என்ன பேர் போடறது? பொம்மைன்னா கவர்ன்மென்ட் முத்திரை வாங்கணும். யார் பண்ணினா, எந்தப் பட்டறை, எல்லாம் போட்டாகணும்."

பட்டறை பிழைத்தது என்ற சந்தோஷம் ஜெயினுலாப்தீனுக்கு ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அடுத்த மூச்சில் அவர் கண்ணுக்கு முன்னால் கேன்டீன்காரர்களும் டப்பாக் கடைக்காரர்களும் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் பேரன் பேத்திகள் உண்டு. வீட்டுக்கு ஒரு செட் வரும். எடுத்துப் பார்ப்பார்கள். தொட்டால் கழலும். திருப்பினால் கீழே ஜெயினுலாப்தீன் என்று இருக்கும்.

"பேரு வேண்டாம் மேடம்."

"பேர் இல்லாம எப்படி பாய்? இவ்வளவு நன்னா பண்ணியிருக்கேள்!"

"நம்ம பேரு இதுக்குச் சரிப்படாது. வேற..." அவர் சுற்றிப் பார்த்தார். ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஷகீல் நின்றான். "இவன் பேரப் போடுங்க. இவன்தான்... இதெல்லாம் இவன் ஐடியாதான்."

"மேரா? என் ஐடியாவா?" என்றான் ஷகீல்.

முதலில் அவன் சிரித்தான். சாயங்காலம் பேரை இங்கிலீஷில் எப்படி எழுதினால் எடுப்பாக இருக்கும் என்று கேட்டான். வார முடிவில் 'ஷகீல் ஸ்பேஸ் டாய்ஸ்' என்று விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. முத்திரைக்கு விண்ணப்பித்த காகிதமெல்லாம் அவன் பெயரில் போயிற்று. ஜீன்ஸ்காரர் அடுத்த தடவை ஃபோன் செய்தபோது, "அபி நஹீ பாய், ப்ரொடக்‌ஷன் சல் ரஹா ஹை" என்று, பட்டறை ஓடுகிறது என்பதை அவனே சொல்லி வைத்தான். ஷோரூம் வேலையை விட்டான். சுவரில் இருந்த பென்சில் கோட்டை அழித்துவிட்டு அங்கே ராக்கெட் படம் ஒட்டினான். இரண்டாவது மெஷினின் போர்வை விலகியது. அதற்கும் வளையம்தான் கொடுத்தார்கள்.

ரமலான் பிறை தெரிந்த வாரத்தில் அவன் அப்பாவிடம் மரியாதையாகவே பேசினான்.

"வாப்பா, டிபன் மூடி லைன கொஞ்ச நாளைக்கு பந்த் பண்ணிருவோமா? மெஷின் டைம் நஹீ மில்தா, கெடைக்க மாட்டேங்கு. நீங்க டென்ஷன் எடுக்காதிய. குவாலிட்டி மட்டும் பாருங்க போதும்."

குவாலிட்டி பார்ப்பது என்றால், வளையங்களை மாட்டிக் கழற்றி, எல்லாம் சுலபமாகக் கழல்கிறதா என்று பார்ப்பது. இறுக்கமாக இருப்பதை எடுத்துத் தனியே ஒரு வாளியில் போடவேண்டும். அந்த வாளியில் விழுகிறவற்றை ஜெயினுலாப்தீன் ஒன்றிரண்டு சட்டைப் பையில் எடுத்துவைத்துக்கொள்வதை சுடலைக்கண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

நோன்பு திறந்துவிட்டு ஒருநாள் சந்து முனை டீக்கடையில் நின்றபோது, பழைய டப்பாக் கடைக்காரர் வானமாமலை வந்தார். அவருடைய பேத்தி திலக் நகர் பள்ளியில் படிக்கிறாள். கையில் ஊதா நிற ஊறுகாய் உடம்பு ஒன்றும் வளையமும் இருந்தன. அவர் அதை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"பாய், இது ஒங்க பட்டறையிலேர்ந்து வருதுன்னு கேள்விப்பட்டேன். நெசமாவா? தொட்டாலே வந்துருதே, என்ன மால் இது?"

ஜெயினுலாப்தீன் டீயை ஒரு வாய் குடித்தார். கண்ணாடிக் கிளாஸைக் கவனமாகக் கீழே வைத்தார்.

"எம் பட்டறையா? இல்லியே" என்றார். "அது ஷகீல் கம்பெனி. நான் அங்க வேலைக்கித்தான் போறேன்."